பால் வற்றிவிட்டதா?

சிக்கல் பகுதியில் இல்லச் சந்திப்புக்குச் சென்றிருந்த ஒரு மாலைப்பொழுது. திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் நம்மைக் கண்டதும் எழுந்து, "சாமி, மருமகளுக்குப் பால் வத்திப்போச்சு. பச்சப்புள்ள ராத்திரியெல்லாம் அழுவுது. ஒரு செபம் பண்ணிட்டுப் போங்க" என்று வேண்டினார்.

உள்ளே சென்றோம். ஆறு வாரக் குழந்தை. தாய்க்கு இருபது வயதிருக்கலாம். அழுது அழுது கண்கள் சிவந்திருந்தன. கணவர் வளைகுடா நாட்டில் வேலையாயிருந்தார். சுவர் அலமாரியில் பால்மாவு டப்பா ஒன்றும் புட்டி ஒன்றும் புதிதாக இடம் பிடித்திருந்தன. செபித்து முடித்தபின், பால் வற்றியது எப்படித் தெரிந்தது என்று வினவினோம். முதல் மாதத்தில் மார்பு கல்லைப்போல் கனத்து, இரவிக்கை நனையுமளவு பால் ஒழுகியதாம். இப்போது மார்பு தளர்ந்து, ஒழுகலும் நின்றுவிட்டதாம். பிள்ளையோ மணிக்கொரு தரம் பாலுக்கு அழுகிறதாம்.

மணவாழ்வு அறியாத குருவுக்கு இதில் என்ன பேச்சு என வாசகர் சிலர் புன்னகைக்கக்கூடும். ஆயினும் இதே கவலையை இவ்வட்டாரத்தில் எத்தனையோ இல்லங்களில் கேட்டிருக்கிறோம். அதன் முடிவு பெரும்பாலும் புட்டியாகவே இருந்ததையும் கண்டிருக்கிறோம். எனவே மருத்துவரிடமும் செவிலியரிடமும் கேட்டும் படித்தும் அறிந்ததை இங்கே எழுதத் துணிகிறோம்.

பிள்ளை பிறந்த முதல் இரண்டு மூன்று நாள்களில் சுரப்பது மஞ்சள் நிறச் சீம்பால். அது சில தேக்கரண்டி அளவே இருக்கும். சிசுவின் சிறு இரைப்பைக்கு அதுவே போதும். பின்னர் பால் பெருகி மார்பு கட்டுகிறது. பிள்ளைக்கு எவ்வளவு தேவை என்பதைத் தாயின் உடல் அப்போது இன்னும் அறியாது. ஆகவே மிகுதியாகச் சுரக்கிறது. வாரங்கள் செல்லச் செல்லப் பிள்ளை உறிஞ்சும் அளவைக் கண்டு, அதற்கேற்பச் சுரக்கக் கற்றுக்கொள்கிறது. ஏறத்தாழ ஆறாம் வாரத்தில் வீக்கம் வடிந்து மார்பு மென்மையாகிறது. பால் போய்விட்டதென்று தாய் கலங்குவது இந்த வேளையில்தான். உண்மையில் பால் எங்கும் போய்விடவில்லை. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் அருந்தும் குழந்தை நாளொன்றுக்குக் குடிப்பது சராசரியாக 750 முதல் 800 மில்லி லிட்டர். மாதம் ஏறினாலும் அந்த அளவு பெரிதாக மாறுவதில்லை.

அப்படியாயின் பிள்ளை ஏன் ஓயாமல் கேட்கிறது? மூன்றாம் வாரம், ஆறாம் வாரம், மூன்றாம் மாதம் ஆகிய பருவங்களையொட்டிப் பல குழந்தைகள் சில நாள்கள் அடிக்கடி பால் கேட்கும். மாலை வேளைகளில் இது மிகுதி. நம் இராமநாதபுரச் சீமையில் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பிய பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மொள்ள மொள்ள ஊறும். மொள்ளாமல் விட்டால் தூர்ந்துபோகும். வள்ளுவர் கல்விக்குச் சொன்ன மணற்கேணி தாய்ப்பாலுக்கும் பொருந்தும். பிள்ளை அடிக்கடி உறிஞ்சுவது, நாளைய பாலுக்கு அது இன்றே விடுக்கும் வேண்டுகோள். அந்நேரத்தில் புட்டியைக் கொடுத்தால் பிள்ளை அயர்ந்து உறங்கிவிடும். மார்புக்கு வேண்டுகோள் வந்து சேராது. மறுநாள் உண்மையாகவே பால் குறையும். "நான் சொன்னேன் அல்லவா?" என்பார்கள் வீட்டில்.

நம் கடலோரத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவைப் புட்டுச் செய்து கொடுப்பது தொன்றுதொட்ட வழக்கம். ஆங்கிலத்திலும் அம்மீனுக்குப் பால்சுறா என்றே பெயர்; அதன் இறைச்சி பால் சுரக்கச் செய்யும் என்ற நம் நாட்டு நம்பிக்கையிலிருந்தே அப்பெயர் பிறந்தது. பூண்டும் முருங்கைக்கீரையும் அவ்வாறே. நாம் இவற்றைப் பழிக்கமாட்டோம். நல்ல உணவு; மேலும், பிறர் சமைத்துத் தருவதால் தாய்க்குச் சற்று ஓய்வும் வாய்க்கிறது. ஆனால் பிள்ளை மார்பைக் கவ்வி உறிஞ்சாவிடில் எந்த மீனும் பாலைத் தந்துவிடாது. பத்தியம் என்று சொல்லித் தண்ணீரைக் குறைப்பதை மட்டும் விட்டொழியுங்கள். தாகத்துக்குத் தாய் குடிக்கட்டும். குடம் குடமாகக் குடித்தால் பால் பெருகும் என்பதும் இல்லை.

மல்லிகைச் சரத்தை மார்பில் கட்டினால் பால் வற்றும் என்பதும் நம் பாட்டிமார் அறிந்ததே. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைச் சோதித்து, உண்மையென 1988 இல் எழுதினார்கள். பிறந்த பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாருக்கு அது ஒரு சிறு ஆறுதல். பாலூட்டும் தாய் கட்டத் தேவையில்லை.

பால் போதுமா என்று அறிய மார்பைப் பார்க்கவேண்டாம், பிள்ளையைப் பாருங்கள். முதல் வாரத்துக்குப் பின், ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கிறதா? மாதம் அரைக் கிலோவாவது எடை ஏறுகிறதா? ஆயின் பால் போதும். அன்று கிராமச் சுகாதாரச் செவிலியரை அழைத்து எடை பார்க்கச் செய்தோம். பிறந்தபோது 2 கிலோ 800 கிராம். அன்று 3 கிலோ 900. மூதாட்டி தராசை ஐயத்தோடு பார்த்தார்; இரண்டாம் முறையும் நிறுக்கச் சொன்னார். அதே எடைதான்.

எடை ஏறவில்லையெனில் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். பிள்ளை மார்பைச் சரியாகக் கவ்வாதிருக்கலாம். தாய்க்குத் தைராய்டு குறை இருக்கலாம். பேற்றின்போது மிகுந்த குருதி போயிருக்கலாம். சில கருத்தடை மாத்திரைகளும் பாலைக் குறைக்கும். மெய்யாகவே பால் போதாத தாய்மாரும் உண்டு. அவர்களை யாரும் குற்றவாளிகளாக்கலாகாது. மருத்துவர் வேறு பால் தரச்சொன்னால், கழுவ எளிதான பாலாடையால் புகட்டுங்கள். குடிநீரை விலைக்கு வாங்கும் ஊர்களில் புட்டியைத் தூய்மையாக வைப்பது எளிதன்று. வயிற்றுப்போக்கு அவ்வழியே வரும். கோடையிலும் ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தனியே தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி நீரே.

நம் நாட்டில் 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பால்மாவு விளம்பரத்துக்குத் தடை உண்டு. தாய்ப்பாலே சிறந்தது என்று டப்பாவிலேயே அச்சிடவும் வேண்டும். அந்த வீட்டு டப்பாவைத் திருப்பி, அவ்வரியை மூதாட்டிக்குப் படித்துக் காட்டினோம்.

மனக்கலக்கமும் பாலைத் தடுக்கும். சுரந்த பால் இறங்காது நிற்கும். ஆதலால் பால் இருக்கிறதா என்று நாளுக்குப் பத்து முறை கேட்பதே அவளுக்கு ஓர் இடையூறு. விவிலியத்தில் அன்னா, சாமுவேல் பால் மறக்கும்வரை திருவிழாவுக்குச் செல்லாமல் வீட்டிலேயே இருந்துவிட்டாள். கணவர் எல்கானா அதற்கு இசைந்தார். வீட்டுவேலையை அப்படி எடுத்துக்கொள்ளும் கணவரும் மாமியாரும் இன்றும் தேவை. கோவிலில் பிள்ளை பசித்து அழுதால் தாய் வெளியே வேப்பமரத்தடிக்கு ஓடவும் வேண்டாம். 2014 சனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் திருமுழுக்கு வழங்கிய திருத்தந்தை பிரான்சிஸ், பசித்த பிள்ளைகளுக்கு அங்கேயே பாலூட்டும்படி தாய்மாரிடம் கூறினார். நம் ஆலயத்திலும் அவ்வாறே செய்யலாம்.

அந்த வீட்டில் புட்டியை நிறுத்தினார்கள். முதல் நான்கு நாள் கடினமாயிருந்ததாம். இரவும் பகலும் பிள்ளை மார்பிலேயே கிடந்ததாம். பிறகு தணிந்தது. ஐந்தாம் மாதத்தில் மீண்டும் சென்றபோது மூதாட்டி கேட்டார்: "சாமி, எப்ப சோறு ஊட்டலாம்?" ஆறு மாதம் நிறையட்டும் அம்மா, பிறகு பருப்புச்சோறு மசித்துக் கொடுங்கள், முள் நீக்கிய மீனும் கொடுங்கள், பாலை மட்டும் இரண்டு வயதுவரை நிறுத்தாதீர்கள் என்றோம். "ரெண்டு வயசா!" என்று மருமகள் சிரித்தாள்.