இளவேனிலில் திருக்குற்றாலத் தீர்த்தம்

தென்காசியிலிருந்து சுமார் 5 கி.மீ. தொலைவில், திரிகூடமலையின் அடிவாரத்தில் குழல்வாய்மொழி அம்மையுடன் குற்றாலநாதர் எழுந்தருளியுள்ள தலம் திருக்குற்றாலம். சங்கின் வடிவில் அமைந்த திருக்கோயில், தலவிருட்சம் குறும்பலா, ஆடல்வல்லானின் ஐந்து சபைகளுள் சித்திரசபை இங்கே விளங்குகிறது. கோயிலுக்கு ஒன்றும் குறும்பலாவுக்கு ஒன்றுமாகத் திருஞானசம்பந்தப் பெருமான் இரண்டு பதிகங்கள் அருளியுள்ளார். அருவியையே தீர்த்தமாகக் கொண்ட பெருமையும் இத்தலத்துக்கு உண்டு.

குற்றாலம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஆனி, ஆடி மாதங்களின் சாரல். ஜூன் மாதத் தொடக்கத்தில் கேரளக் கரையில் இறங்கும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்கோட்டைக் கணவாய் வழியாக இப்பக்கம் நுழைகிறது. தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் இராஜகோபுர வாசலில் நிற்கும் அன்பர்களின் மேனியைத் தழுவும் பொதிகைக் காற்றை அறியாதவர் இல்லை. அந்நாள்களில் மலையுச்சியில் பெய்யும் மழை, அடிவாரத்தில் பூந்தூறலாகத் தூவும். அருவிகளிலும் நீர்வரத்து பெரும்பாலும் ஓரளவு சீராக இருக்கும்.

சித்திரையும் வைகாசியும் அவ்வாறல்ல. நம் முன்னோர் இளவேனில் என்று வகுத்த இப்பருவத்தில் மலையின் மனம் ஒரு நிலையில் நில்லாது. காலையில் வெயில் சுடும், பாறை காயும், அருவி நூலிழைபோல் வழியும். நிலம் சூடேற, கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் மேலேறிக் குளிர்ந்து, நண்பகலுக்குப் பின் கருமேகமாகத் திரளும். ஒரு சிகரத்தில் இடியுடன் கொட்டும் மழை, அடுத்த சிகரத்தில் ஒரு துளியும் விழாமல் போவதுண்டு. அடிவாரத்தில் நிற்பவர் தலைக்குமேல் வானம் நீலமாகவே இருக்கும். ஆயினும் மேலே பெய்த நீர், செங்குத்தான ஓடைகளின் வழியே சிறிது நேரத்தில் அருவிக்கு வந்து சேர்ந்துவிடும்.

2024ஆம் ஆண்டு மே 17, வெள்ளிக்கிழமை. வைகாசி பிறந்து நான்காம் நாள். அக்கினி நட்சத்திரக் காலம். பள்ளி விடுமுறையும் கூட. பழைய குற்றால அருவியில் திரளானோர் நீராடிக் கொண்டிருந்தனர். மலையில் பெய்த கனமழையால் பிற்பகலில் அருவியில் திடீரென வெள்ளம் பெருக்கெடுத்தது. மக்கள் பதறி ஓடினர். பலர் உயிர் தப்பினர். பதினேழு வயது மாணவன் ஒருவன் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். விடுமுறையைக் கழிக்க வந்த ஒரு குடும்பம் பிள்ளையை இழந்து திரும்பியது. அதன்பின் அருவிகளில் நீராடத் தடை விதிக்கப்பட்டது.

இத்துயரத்துக்காக மலையையோ தீர்த்தத்தையோ பழிப்பதற்கில்லை. இளவேனில் மழை இயல்பாகவே இப்படிப்பட்டது. அதை உணர்ந்து நடப்பதும் வழிபாட்டின் ஒரு பகுதியே. இதனைத் திருக்குற்றாலத் திருக்கோயிலின் வழக்கமே உணர்த்துகிறது. ஓயாது விழும் அருவியின் குளிர்ச்சி பெருமானைத் தாக்காதிருக்க, சுக்கு, மிளகு முதலியன சேர்த்த கஷாயத்தைக் 'குடுனி நைவேத்தியம்' என்று நிவேதிப்பது இங்குள்ள மரபு. அகத்திய மாமுனிவர் தம் கரத்தால் அழுத்திச் சிவலிங்கத் திருமேனியாக்கியதால் இறைவனின் திருமுடிக்கு நோவு உண்டாயிற்று என்பது ஐதிகம். அதன் பொருட்டுத் தைலம் சாத்தும் வழக்கமும் உண்டு. அகிலத்தைக் காப்பவனுக்கே குளிரும் நோவும் வந்துவிடுமோ என்று அஞ்சிப் பணிவிடை செய்வதுதான் பக்தி. அந்தப் பரிவை உடன் வரும் குழந்தைகளிடமும் காட்ட வேண்டாமா?

தீர்த்தமாடும் முறையிலும் இதற்கு இடம் உண்டு. நீரைக் கண்டவுடன் இறங்கிவிடுவது நம் மரபன்று. முதலில் வணங்கி, நீரைத் தொட்டுச் சிரசில் தெளித்துக்கொண்டு, அதன்பின்னரே இறங்குவர். அந்தச் சிறு இடைவேளையில் கண்களை நிமிர்த்தி மலையைப் பார்க்கலாம். உச்சியை மேகம் மூடியிருக்கிறதா? தொலைவில் இடி முழங்குகிறதா? தெளிந்த நீர் கலங்கிச் செந்நிறம் கொள்கிறதா? சருகும் சுள்ளியும் மிதந்து வருகின்றனவா? அருவியின் ஓசை திடுமெனக் கனக்கிறதா? இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே விலகி மேட்டுக்கு வந்துவிட வேண்டும். உடைமைகளை எடுக்கத் திரும்புவதும் வெள்ளத்தை வேடிக்கை பார்க்க நிற்பதும் ஆகாது.

பேரருவியின் நீர் பொங்குமாங்கடலில் விழுந்து, வேகம் சற்றுத் தணிந்தே கீழே இறங்குகிறது. அங்கும் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தொட்டு விழும்போது நீராடத் தடை விதிக்கப்படுகிறது. காவலர் விலகச் சொன்னால், 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்று மன்றாடாமல் விலகுவதே நன்று. சித்ரா பௌர்ணமியில் செண்பகதேவி அம்மனைத் தரிசிக்க மலையேறும் அன்பர்களும், வனத்துறையினர் அனுமதித்த நேரத்துக்குள் சென்று திரும்புதல் நலம்.

தடை விதிக்கப்பட்ட நாளிலும் யாத்திரை வீணாவதில்லை. குற்றாலநாதரையும் குழல்வாய்மொழி அம்மையையும் ஆற அமரத் தரிசிக்கலாம். சித்திரசபையில் ஓவியத் திருக்கோலத்தில் ஆடும் பெருமானைக் கண்குளிரக் காணலாம். தென்காசிக்குச் சென்றால், பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் ஆலயத்தில் உலகம்மனை வணங்கலாம். குற்றால மலையில் பிறந்த சிற்றாறு தென்காசியைக் கடந்து தாமிரபரணியோடு கலக்கிறது. அருவியாக ஆர்ப்பரித்த அதே நீர்தான் ஊர்களைக் கடந்து வயல்களை நனைக்கிறது. கரையில் நின்று கைகூப்பி, ஒரு துளியைச் சிரசில் தெளித்துக்கொண்டாலும் அது தீர்த்தமே.

கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குற்றாலம் செல்லும் பெரியோர் பலர். அருவியைக் கண்டதும் ஓடுவது இளமையின் இயல்பு. பொறுத்திருந்து பார்ப்பது முதுமைக்குக் கைவந்தது. 'சற்று நில், முதலில் மலையைப் பார்ப்போம்' என்று தாத்தாவோ பாட்டியோ சொல்லும் ஒரு சொல் குழந்தைக்குக் காப்பாக அமையும். திரிகூடநாதனின் சந்நிதிக்குக் குடும்பத்தோடு சென்று, அனைவரும் நலமாக வீடு திரும்புவதே நிறைவான யாத்திரை.