ஐம்பத்தாறில் ஓர் அரிச்சுவடி

"இந்த வயசிலே உனக்கு எதுக்கு ஜெர்மன் பாஷை?"

மாமா கேட்டார். மாமி பதில் சொல்லவில்லை. காபி டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்.

எங்கள் மாடி வீட்டு மாமிக்கு 56 வயது. பிள்ளைக்கு பெர்லினில் உத்தியோகம். மருமகள் அந்த ஊர்ப் பெண். நாலு வயதுப் பேரன் டெலிபோனில் மழலை பொழிகிறான், அத்தனையும் ஜெர்மன்! "இருப்பது ஒரே பேரன். அவன் பேசுவதை இன்னொருத்தர் மொழிபெயர்த்துச் சொல்லித்தானா நான் கேட்கணும்?" என்கிறார் மாமி.

மாமாவின் கட்சியிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. சுமார் 6,70,000 பேருக்கு ஆங்கில இலக்கணப் பரீட்சை வைத்துப் பார்த்த அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், அந்நிய பாஷையின் இலக்கணத்தைக் கிரகிக்கும் சக்தி ஏறக்குறைய 17 வயதுக்குப் பிறகு இறங்குமுகம் என்று 2018-இல் சொன்னார்கள். உச்சரிப்போ இன்னும் பிடிவாதக்காரப் பேர்வழி. போலந்துக்காரரான ஜோசப் கான்ராட் இருபது வயதுக்கு மேல் ஆங்கிலம் கற்று, அந்த மொழியின் பெரிய நாவலாசிரியர்களில் ஒருவரானார். ஆனால் அவர் வாயைத் திறந்தால் கடைசி வரை போலந்து வாடைதான்!

இறங்குமுகம் என்றால் கதவு அடைத்துவிட்டது என்று அர்த்தமா? இத்தாலியரான வீரமாமுனிவர் தமிழகத்துக்கு வந்தபோது முப்பது வயதை எட்டியிருந்தார். அவர் நமக்குத் தந்தது தேம்பாவணி; 1732-இல் சதுரகராதி என்ற அகராதி வேறு!

அப்படியானால் வயதைத் தவிர வேறு என்னவெல்லாம் வேண்டும்?

முதலாவது, இயற்கையான சாமர்த்தியம். காரல், ஸேபன் என்ற இரு அமெரிக்கர்கள் 1959-இல் இதை அளக்கவே ஒரு பரீட்சை தயாரித்தார்கள். புதிய ஒலியைக் காதில் பிடித்து நிறுத்துவது, வாக்கியத்தில் எந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று கண்டுகொள்வது, சொற்களை மனப்பாடம் செய்வது, உதாரணங்களிலிருந்து விதியை ஊகிப்பது — இவை ஒருவருக்கொருவர் வித்தியாசப்படும். சங்கீத ஞானம் எல்லோருக்கும் ஒரே அளவிலா இருக்கிறது?

இரண்டாவது, ஆசை. அதே 1959-இல் கானடாவின் மான்ட்ரியல் நகரில் பிரெஞ்சு படித்த மாணவர்களை கார்ட்னர், லாம்பர்ட் இருவரும் ஆராய்ந்தார்கள். சாமர்த்தியத்தைப் போலவே ஆர்வமும் தனியாக நின்று பலன் தருகிறது என்று கண்டார்கள். அந்த மொழி பேசுகிறவர்களோடு ஒட்டி உறவாட வேண்டும் என்று படித்தவர்கள், உத்தியோகத்துக்காகப் படித்தவர்களைவிட முன்னேறியிருந்தார்களாம். மாமியின் பேரன் விவகாரம் இந்த ரகம்தானே!

மூன்றாவது, கூச்சத்தை விடுவது. தப்பாகப் பேசினால் சிரிப்பார்களே என்ற பயம், தெரிந்த சொல்லையும் தொண்டையில் நிறுத்திவிடும். ஜெர்மானியரான ஷ்லீமன் ஆம்ஸ்டர்டாமில் ரஷ்ய பாஷை கற்றபோது, தாம் உரக்க ஒப்பிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்க ஓர் ஏழையை வாரம் நாலு பிராங்க் சம்பளத்தில் அமர்த்திக்கொண்டாராம். அந்த ஏழைக்கோ ரஷ்ய மொழியில் ஓர் அட்சரம் தெரியாது! அண்டை அயலார் புகாரால் ஷ்லீமன் இரண்டு முறை வீடு மாற வேண்டியிருந்ததாம். அவரே எழுதி வைத்த கதை இது. 1846-இல் ரஷ்யாவுக்கே வியாபாரம் செய்யப் போனார்.

மாமிக்கும் இந்தக் கூச்சம் இருந்தது. வகுப்பில் சின்னப் பெண்களுக்கு நடுவே வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். வீட்டிலோ மாமாவின் கேலி. இரண்டாம் மாதம், 'விட்டுவிடலாமா' என்றுகூட என்னிடம் கேட்டார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் மணி அடித்தது. மாமி துணிந்து, "டெர் ஸொன்னே..." என்று சூரியனைப் பற்றி ஆரம்பித்தார். நமக்குச் சூரிய பகவான் ஆண் அல்லவா? ஜெர்மனியில் பெண்!

"நைன், பாட்டி! டி ஸொன்னே!" என்று பேரன் கைகொட்டிச் சிரித்தான். பாட்டியும் சிரித்தார். பிறகு பத்து நிமிஷம் அவன் வாத்தியார், பாட்டி மாணவி. நடுவில் மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லை.

மாமா பத்திரிகையை மெதுவாகத் தாழ்த்தினார்.

"அது சரி, சந்திரனுக்கு என்ன சொல்லணும்?"