உங்களுக்குத் தெரியுமா? நாய்க்குட்டிக்கும் முகப்பரு வரும்!

ஜவ்வாது மலைப் புதர்களில் மூக்கை நுழைத்துத் திரியும் குட்டியின் மோவாயில் சிவப்புப் பருக்களா? 5 முதல் 8 மாதக் குட்டிகளுக்கு, அதிலும் குட்டை முடி இனங்களுக்கு, இது சகஜம். உராய்வில் முடி ஒடிந்து தோலுக்குள் புதைந்து வீங்கும். பாக்டீரியா சேர்ந்தால் சீழ் பிடிக்கும்.

• பிதுக்காதீர்கள், பரு உள்ளேயே உடைந்து புண் பெரிதாகும்.

• மருத்துவர் சொல்லும் குளோர்ஹெக்சிடின் கரைசலால் துடையுங்கள். நமக்கான பருக் களிம்பு வேண்டாம், நக்கி விழுங்கிவிடும்.

• முடியும் கொட்டினால், டெமோடெக்ஸ் என்னும் நுண்ணிய உண்ணி காரணமாக இருக்கலாம். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும்.

• 4 மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு முகம் திடீரென வீங்கி, தாடைக்குக் கீழ் நெறி கட்டினால் அது வெறும் பரு அல்ல. ஸ்டீராய்டு சிகிச்சை தேவைப்படும் தோல் அழற்சியாக இருக்கலாம். அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள்.