ரெட் அலர்ட் சொன்னார்களே, மழை எங்கே?

2024 அக்டோபர் 16 அன்று திருவள்ளூர், சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு ரெட் அலர்ட். பள்ளிகளுக்கு விடுமுறை. ஆனால் சொன்ன அளவுக்கு மழை இல்லை. தாழ்வு மண்டலம் மறுநாள் அதிகாலை சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்தது. ஒரு நாள் கூலியை இழந்து வீட்டில் இருந்தவருக்குக் கோபம் வருவது நியாயம்தான். அதற்காக அடுத்த எச்சரிக்கையை அலட்சியம் செய்துவிடக் கூடாது.

வானிலை அதிகாரிகள் யாரும் மறைவானதை அறிந்ததாகச் சொல்வதில்லை. தினமும் பலூன் பறக்கவிட்டு மேல்காற்றின் ஈரத்தையும் வெப்பத்தையும் அளக்கிறார்கள். ரேடாரில் மேகங்களைப் பார்க்கிறார்கள். கணினிக் கணிப்புகள் பல வரும், ஒன்றுக்கொன்று முரண்படும். அப்போது எதை, எந்த அளவுக்கு நம்புவது என்பதில்தான் திறமை. அது வருவதற்குக் காரணம், தினமும் நடக்கும் தேர்வு. இன்று சொன்னது சரியா என்பதை மறுநாள் காலை 8.30 மணிக்கு மழைமானி காட்டிவிடும். இப்படி உடனுக்குடன் விடை தெரிகிற தொழில் அபூர்வம். மழைக்கு 70 சதவீத வாய்ப்பு என்று பத்து முறை சொன்னால் ஏழு முறை பெய்ய வேண்டும். பத்து முறையும் பெய்தால் அதுவும் கணக்கில் பிசகுதான்.

தவறுவதும் உண்டு. 2021 டிசம்பர் 30 அன்று சென்னையில் திடீரெனக் கொட்டிய மழையை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. சிறிய இடத்தில் சில மணி நேரத்தில் திரளும் மேகம் இன்றும் கடினமான பாடமே.

அவர்களின் சொற்களுக்கும் கணக்கு உண்டு. 'ஓரிரு இடங்களில்' என்றால் மழை அளக்கும் நிலையங்களில் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவு. ஆகவே கும்மிடிப்பூண்டியில் வெயில் அடித்தாலும், மாவட்டத்தின் வேறொரு மூலையில் 20 சென்டிமீட்டர் பெய்திருக்கலாம்.

நமக்கு இன்னொரு கவனமும் வேண்டும். ஆரணியாறு ஆந்திராவில் தொடங்கி, பிச்சாட்டூர் அணையைத் தாண்டி, ஊத்துக்கோட்டை வழியாகப் பழவேற்காடு ஏரிக்கு வருகிறது. அங்கே பெய்தால் இங்கே மழையில்லாமலே வெள்ளம் வரும். இரவு ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் மழை அறிக்கையோடு அணைத் திறப்பு அறிவிப்பையும் பாருங்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கும் சகோதரர்கள், அறிக்கை எந்தத் தேதிக்குரியது, எத்தனை மணிக்கு வெளியானது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.