தக்காளித் தோலில் ஓர் உளவுத் தகடு

2008-இல் அமெரிக்காவில் சால்மொனெல்லா என்னும் பாக்டீரியா பரவி 1,400-க்கும் மேற்பட்டோர் நோய்வாய்ப்பட்டார்கள். முதல் சந்தேகம் தக்காளி மேல். கடைகள் தக்காளியைத் தொடவே அஞ்சின. விளைந்த பழம் விலைபோகாமல் அழுகியது. விசாரணை கடைசியில் போய் நின்றதோ மெக்சிகோவில் விளைந்த மிளகாயில். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து உறுதிசெய்யச் சில நாட்கள் பிடிக்கும். பழத்தின் மேலேயே பார்த்துவிட முடிந்தால்?

அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் பிரயன் சின், வலேரி பெட்ரென்கோ ஆகியோரின் குழுக்கள் இதற்காகவே உழைத்தன. கிருமியைப் பிடிக்க அவர்கள் தேர்ந்தெடுத்த ஆள் ஒரு வைரஸ். பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ்களுக்கு ஃபேஜ் என்று பெயர். அவற்றில் இழை போன்ற ஒரு வகை, ஏறத்தாழ 900 நானோமீட்டர் நீளம். அதன் மரபணுவில் ஒரு துண்டைச் செருகினால், அத்துண்டுக்குரிய புரதம் வைரஸின் மேலுறையிலேயே வெளியே தெரியும். 1985-இல் விஞ்ஞானி ஜார்ஜ் ஸ்மித் காட்டிய வழி இது. 2018-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதில் என்னை வியக்கவைப்பது தேர்வு முறைதான். ஒவ்வொன்றும் வெவ்வேறு புரதத்துண்டு தாங்கிய நூறு கோடிக்கும் மேற்பட்ட ஃபேஜ்களை சால்மொனெல்லாவோடு கலக்கிறார்கள். ஒட்டாததைக் கழுவிவிடுகிறார்கள். ஒட்டியதைப் பிரித்தெடுத்து ஈ.கோலை பாக்டீரியாவில் பெருக்கி, மறுபடியும் அதே கிருமியிடம் விடுகிறார்கள். சில சுற்றுகளில், இறுகப் பற்றுபவை மட்டும் மிஞ்சும். எது பொருந்தும் என்று முன்கூட்டி யாரும் கணிக்க வேண்டியதில்லை. எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடி) உருவாக்க விலங்குகள் தேவைப்படுவதுபோல் இவற்றுக்குத் தேவையில்லை. வெப்பத்தையும் நன்றாகத் தாங்கும்.

இந்த ஃபேஜ்களை ஓரிரு மில்லிமீட்டர் நீள உலோகத் தகட்டின் மேல் பூசுகிறார்கள். கடைகளில் திருட்டைத் தடுக்கப் பொருள்களில் ஒட்டும் சில பட்டைகளுக்குள் இருப்பதும் இத்தகைய உலோகமே. மாறும் காந்தப்புலத்தில் தகடு தனக்குரிய அதிர்வெண்ணில் அதிரும். கிருமி ஒட்டினால் எடை கூடும், அதிர்வெண் இறங்கும். ஒரு பாக்டீரியாவின் எடை ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுதான், ஆனால் ஏராளமாகச் சேர்ந்தால் வேறுபாடு தெரிந்துவிடும். கம்பியும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். பக்கத்திலேயே ஃபேஜ் பூசாத தகடு ஒன்றையும் வைப்பார்கள். ஈரமோ தூசியோ ஏமாற்றினால் அது காட்டிக்கொடுக்கும். 2010-இல் தக்காளித் தோலின் மேலேயே இதைச் செய்து காட்டினார்கள்.

குறையும் உண்டு. தகடு தொட்ட இடம் மட்டுமே அதற்குத் தெரியும். ஒட்டிய கிருமி உயிருள்ளதா செத்ததா என்று எடை சொல்லாது. ஆகவே ஆய்வகச் சோதனைக்கு இது மாற்றாகாது. ஆனால் சந்தேகப்பட வேண்டிய கூடையைச் சந்தைக்குப் போகுமுன் ஒதுக்கிவைக்க இது போதும்.