அயல்நாடு செல்ல ஆசையா?

ஒரு நாள் சமூக அறிவியல் வகுப்பில் எங்கள் ஆசிரியை, "உங்களில் அயல்நாடு செல்ல விரும்புவோர் யார்?" என்று கேட்டார்கள். ஏறத்தாழ எல்லாருடைய கைகளும் உயர்ந்தன. "எதற்காகச் செல்வீர்கள்? எப்படிச் செல்வீர்கள்?" என்று அடுத்த வினா வந்ததும், உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. விமானம் ஏறுவது வரைதான் எங்கள் கனவு இருந்தது. அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அன்று முதல் படித்தும், பெரியோரிடம் கேட்டும் நாங்கள் அறிந்தவற்றை இம்மலரின் வாயிலாகத் தோழியருக்கும் பெற்றோருக்கும் கூற விழைகிறோம்.

இளைஞர் அயல்நாடு செல்ல நேர்மையான வழிகள் மூன்று உள்ளன. அவை தொண்டு, கல்வி, வேலை என்பன.

தொண்டு செய்ய

பணம் படைத்தவர்தாம் பிறருக்கு உதவ முடியும் என்று நாம் எண்ணுகிறோம். மண்வெட்டி பிடிக்கும் மனம் இருந்தால் போதும் என்று காட்டியவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் பியேர் செரசோல். முதல் உலகப் போரில் பிரான்சு நாட்டின் வெர்டன் நகரைச் சுற்றியிருந்த சிற்றூர்கள் தரைமட்டமாயின. 1920-ஆம் ஆண்டு அவர் பல நாட்டுத் தொண்டர்களைச் சேர்த்துக்கொண்டு, எஸ்ன் என்னும் ஊரை மீண்டும் கட்டும் பணியில் இறங்கினார். நேற்றுவரை பகைவராயிருந்த ஜெர்மானியரும் அக்குழுவில் இருந்தனர் என்பது வியப்புக்குரியது. அம்முயற்சியே 'சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்' என்னும் அமைப்பாக வளர்ந்தது.

1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. செய்தி அறிந்த செரசோல், தோழர் சிலருடன் கடல் கடந்து வந்து, வீடிழந்த மக்களுக்குப் புதிய குடியிருப்புகள் அமைக்க உழைத்தார். நல்ல சமாரியன் உவமையை நாம் மறைக்கல்வி வகுப்பில் படிக்கிறோம். அவர் அதை வாழ்ந்து காட்டினார் அல்லவா!

இவ்வமைப்பின் முகாம்கள் இன்றும் பல நாடுகளில் நடைபெறுகின்றன. பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வாரங்கள் நடக்கும். உணவும் உறைவிடமும் கிடைக்கும். பயணச் செலவு நம்முடையது. பொதுவாக 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இதுபோலவே 1970-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் தீர்மானத்தால் ஐ.நா. தன்னார்வலர் திட்டம் தோன்றியது. அதில் 18 முதல் 26 வயது வரையுள்ள இளைஞருக்கெனத் தனிப் பிரிவு உண்டு. வீட்டிலிருந்தபடியே கணினி வழியாக மொழிபெயர்ப்பு போன்ற பணிகளைச் செய்து உதவவும் அத்திட்டத்தில் இடமுண்டு.

கல்வி கற்க

பதினெட்டு வயதுக்கு முன்பே திறக்கும் கதவு ஒன்று உண்டு. 'யுனைடெட் வேர்ல்டு காலேஜ்' என்னும் பள்ளிகளே அது. குர்ட் ஹான் என்ற கல்வியாளரின் எண்ணத்தில் உருவான முதல் பள்ளி 1962-இல் வேல்ஸ் நாட்டில் ஒரு பழைய கோட்டையில் தொடங்கப்பட்டது. பல நாட்டு மாணவர்கள் ஒரே கூரையின் கீழ்த் தங்கி ஈராண்டுகள் படிக்கின்றனர். நம் நாட்டில் புனே நகருக்கு அருகிலும் இத்தகைய பள்ளி ஒன்று 1997 முதல் இயங்குகிறது. தகுதியும் தேவையும் உள்ளோருக்கு உதவித்தொகை உண்டு.

பட்டப் படிப்பை முடித்தோருக்கு 'எராஸ்மஸ் முண்டஸ்' உதவித்தொகை இருக்கிறது. எராஸ்மஸ் என்பவர் பல நாடுகளில் பயின்ற கத்தோலிக்கக் குரு, பேரறிஞர். இத்திட்டத்தின் மேற்படிப்பை ஒரே நாட்டில் முடிக்க முடியாது. இரண்டு நாடுகளிலாவது பயில வேண்டும். இந்திய மாணவரும் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

வேலை பார்க்க

1960-களில் கேரளத்தைச் சேர்ந்த இளம் பெண்கள் பலர், திருச்சபையின் வழிகாட்டுதலால் ஜெர்மனி சென்று செவிலியராயினர். பனியும் புரியாத மொழியும் கொண்ட நாட்டில் நோயாளிகளைப் பேணி, ஊரிலிருந்த தம்பி தங்கையரையும் படிக்க வைத்தனர். இன்றும் ஜெர்மனியில் செவிலியர் தேவை மிகுதி. ஆனால் ஜெர்மன் மொழியில் நல்ல தேர்ச்சி பெற்றால்தான் அங்கே முழுச் செவிலியராகப் பணி செய்ய முடியும். ஆகவே அயல்நாட்டு வேலைக்கு முதல் படி விமான நிலையம் அன்று, மொழி வகுப்பே!

ஏமாறாதிருக்க

எங்கள் தோழி ஒருத்தியின் அக்காவுக்கு நடந்ததைக் கூறாமல் இருக்க முடியவில்லை. வளைகுடா நாட்டில் வேலை என்று சொல்லி ஒரு தரகர் பணம் வாங்கினார். அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின. வந்து சேர்ந்ததோ சுற்றுலா விசா. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, அதைப் படித்துப் பார்த்த பக்கத்து வீட்டு மாமாதான் தடுத்தார். பணம் போயிற்று; ஆனால் அக்கா தப்பினார்.

1983-இல் இயற்றப்பட்ட குடிபெயர்வுச் சட்டத்தின்படி, அரசிடம் பதிவு செய்த முகவரே அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கலாம். முகவரின் பதிவு எண்ணை அரசின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். தமிழக அரசே 1978-இல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றைச் சென்னையில் தொடங்கி நடத்தி வருகிறது. சுற்றுலா விசாவில் வேலைக்குச் செல்வது குற்றம். அவ்வாறு சென்றவருக்குச் சம்பளம் கிடைக்காவிட்டாலும் கேட்க வழியிராது.

இன்னொரு செய்தி எங்களை வியக்க வைத்தது. வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் பத்தாம் வகுப்புத் தேறாதவராயின், பொதுவாக அரசின் குடிபெயர்வு அனுமதியைத் தனியே பெற வேண்டும். தேறியவருக்கு அது வேண்டியதில்லை. படித்தவள் தன் ஒப்பந்தத்தைத் தானே படித்துக்கொள்வாள் என்ற நம்பிக்கை போலும்! நாங்கள் இவ்வாண்டு எழுதும் தேர்வுக்கு இத்தனை மதிப்பா என்று எண்ணினோம்.

இப்போதே செய்யக்கூடியவை

தோழியரே! பதினெட்டை எட்ட நமக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் உள்ளன. அதற்குள் பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், ஆதார் அட்டை மூன்றிலும் நம் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்போம். ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியும் கற்போம். முதியோர் இல்லத்திற்கு அருட்சகோதரிகள் நம்மை அழைத்துச் செல்லும்போது சாக்குச் சொல்லாமல் செல்வோம். அருகிலிருப்பவருக்கு ஒரு குவளை நீர் கொடுக்காதவள், ஆயிரம் மைல் கடந்து யாருக்குத் தொண்டு செய்வாள்?

பெற்றோர்களே! பெண் பிள்ளை என்று அஞ்சி எங்களைத் தடுக்க வேண்டா. ஆசையால் அவசரப்பட்டு அனுப்பவும் வேண்டா. எங்களோடு அமர்ந்து ஒவ்வொரு தாளையும் படித்துப் பாருங்கள். அடுத்த முறை ஆசிரியை அதே கேள்வியைக் கேட்டால், உயர்த்திய கைகளைத் தாழ்த்தாமல் விடை கூறுவோம்!