காருக்கு அடியில் ஒரு கறுப்புத் தட்டு... ரேஸ் டிராக்கில் உயிரைக் காப்பது அதுதான்!

தர்மபுரி பைபாஸ் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப். வேகத்தடையில் இடித்த கார் ஒன்று 'கடகட'வென்ற சத்தத்தோடு வந்து நிற்கிறது. முன்பக்கம் அடியில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தட்டு பாதி கழன்று தொங்குகிறது. மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "சும்மா பிளாஸ்டிக்தான் சார், கழட்டிப் போட்டுடட்டுமா?"

காரின் சொந்தக்காரரும் சரி என்று தலையாட்டிவிடுகிறார். தமிழ்நாட்டில் தினமும் எங்காவது நடக்கிற காட்சிதான் இது.

ஆனால், ரேஸ் டிராக்கில் இதே தட்டின் பெரிய அண்ணனை நம்பித்தான் டிரைவர் 200 கிலோமீட்டர் வேகத்தில் வளைவுக்குள் நுழைகிறார். அந்தத் தட்டு சரியாக இருந்தால் கார் தரையை விட்டு அசையாது. கொஞ்சம் பிசகினால், ஒரு டன் எடையுள்ள கார் காகிதம் போல ஆகாயத்தில் பறக்கும். பறந்தும் இருக்கிறது!

அப்படி என்னதான் செய்கிறது அந்தத் தட்டு?

ஒகேனக்கல் சொல்லும் பாடம்

பதிலைத் தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். நம் ஒகேனக்கல்லுக்குப் போனாலே போதும். அகலமாகப் பரந்து வரும் காவிரி, பாறைகளுக்கு நடுவே குறுகிய இடுக்கில் நுழையும்போது எப்படிச் சீறுகிறது என்று பாருங்கள். வருகிற தண்ணீர் அத்தனையும் அந்த இடுக்கு வழியாகவே போய்த் தீர வேண்டும். அதனால் வேகம் கூடுகிறது.

காருக்கு அடியில் காற்றுக்கும் இதே கதைதான். காரின் அடிப்பகுதிக்கும் ரோட்டுக்கும் நடுவே இருப்பது சில அங்குல இடைவெளி. அதற்குள் நுழையும் காற்று வேகமெடுக்கிறது. காற்று இப்படி வேகமெடுக்கும் இடத்தில் அதன் அழுத்தம் குறையும். இது இயற்பியல் விதி.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு தாள்களை முகத்துக்கு எதிரே, இடையில் இரண்டு விரல் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். நடுவே வேகமாக ஊதுங்கள். தாள்கள் விலகும் என்று குழந்தைகள் நினைப்பார்கள். ஆனால், இரண்டும் நெருங்கி வந்து ஒட்டிக்கொள்ளும்!

காரிலும் அப்படித்தான். மேலே காற்றின் அழுத்தம் அதிகம், கீழே குறைவு. அதனால் கார் தரையோடு சேர்த்து அழுத்தப்படுகிறது. டயர் ரோட்டை இறுகப் பிடிக்கிறது. இதைத்தான் ரேஸ் உலகில் 'டவுன்ஃபோர்ஸ்' என்கிறார்கள்.

'இதற்கு நாலு மூட்டை மணலை ஏற்றிக்கொண்டு போனால் போதாதா?' என்று கேட்கலாம். போதாது. மூட்டை ஏற்றினால் டயரின் பிடி கூடும். ஆனால், வளைவில் திருப்ப வேண்டிய எடையும் சேர்ந்தே கூடிவிடும். காற்றின் அழுத்தம் மட்டும்தான் எடையே இல்லாமல் பிடியைக் கொடுக்கும்.

தட்டு எதற்கு?

சாதாரண காரின் அடியில் படுத்துப் பார்த்தால் சைலன்ஸர் குழாய், பெட்ரோல் டேங்க், ஆக்ஸில் என்று மேடும் பள்ளமுமாக இருக்கும். காற்று அவற்றில் முட்டி மோதிச் சுழலும். அது காரைப் பின்னுக்கு இழுக்கும். சில சமயம் காரை மேல்நோக்கித் தூக்கவும் பார்க்கும்.

ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்த மேடு பள்ளங்களை எல்லாம் தட்டையான பேனல்களால் மூடிவிடுகிறார்கள். பின்பக்கம் வரும்போது அந்தத் தட்டு மெதுவாக மேல்நோக்கிச் சரிந்து போகும். அதன் பெயர் 'டிஃப்யூஸர்'. அடியில் ஓடிவந்த காற்று பதற்றமில்லாமல் வேகம் குறைந்து வெளியேற அது வழிவிடுகிறது. அப்படி வெளியேறும்போது முன்னால் இருக்கும் காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது.

இங்கே முக்கியமான விஷயம் சமநிலை. காவடியின் ஒரு பக்கத்துச் சுமையை மட்டும் இறக்கினால் என்ன ஆகும்? பின்பக்கப் பேனல் கழன்றால் பின் டயர்களின் பிடி குறையும். வளைவில் காரின் பின்பகுதி சறுக்கிக்கொண்டு சுழலும். முன்பக்கப் பேனல் போனால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே ஓடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் விசை, 240-ல் 16 மடங்கு! மெதுவாக ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியாத கார், டிராக்கின் வேகமான வளைவில்தான் தன் சுயரூபத்தைக் காட்டும். அங்கே டிரைவருக்கு யோசிக்க நேரம் இருக்காது.

ஆடிக் காற்றில் பறந்த கார்கள்

தரையின் பக்கம் இருக்கும் இந்த சக்தியை ரேஸ் உலகம் முழுமையாகப் புரிந்துகொண்டது 1970-களின் பிற்பகுதியில். இங்கிலாந்தின் லோட்டஸ் அணி, காரின் இரு பக்கங்களையும் தலைகீழான விமான இறக்கை போல வடிவமைத்தது. பக்கவாட்டில் காற்று புகாமல் இருக்க, ரோட்டை உரசும் 'பாவாடை' போன்ற தடுப்புகளையும் மாட்டியது. 1978-ல் அந்த அணியின் மரியோ ஆண்ட்ரெட்டி ஃபார்முலா 1 உலக சாம்பியன் ஆனார்.

அதே ஆண்டு ஸ்வீடன் பந்தயத்தில் பிராபம் அணி இன்னும் ஒரு படி மேலே போனது. காரின் பின்னால் பெரிய மின்விசிறி போன்ற ஒன்றைப் பொருத்தி, அடியில் இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளியது. நிக்கி லாடா அந்தக் காரில் ஜெயித்தார். மற்ற அணிகள் கொதித்தெழ, அந்தக் கார் அதோடு பந்தயத்துக்கே வரவில்லை.

வேகத்தோடு ஆபத்தும் வந்தது. பக்கவாட்டுத் தடுப்பு ஒரு நொடி சிக்கிக்கொண்டாலோ உடைந்தாலோ தரைப்பிடிப்பு மொத்தமும் சட்டென்று காணாமல் போகும். அந்த வேகத்தில் டிரைவரால் எதுவும் செய்ய முடியாது. அதனால் 1983 முதல் ஃபார்முலா 1 கார்களின் அடிப்பகுதி தட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி வந்தது.

1994-ல் அயர்டன் சென்னா விபத்தில் இறந்த பிறகு இன்னொரு விதி சேர்ந்தது. காரை அளவுக்கு மீறித் தரையோடு தாழ்த்துவதைத் தடுக்க, அடியில் 10 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பலகை பொருத்த வேண்டும். அது 1 மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்தால் தகுதி நீக்கம்! அந்த வருடமே பெல்ஜியம் பந்தயத்தில் முதலாவதாக வந்த மைக்கேல் ஷூமாக்கர் இந்தப் பலகையால் வெற்றியை இழந்தார். 2023-ல் அமெரிக்கப் பந்தயத்தில் லூயிஸ் ஹாமில்டனும் சார்லஸ் லெக்லெர்க்கும் இதே காரணத்துக்காக நீக்கப்பட்டார்கள்.

'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பார்கள். அம்மி பறந்ததோ இல்லையோ, 1999-ல் பிரான்ஸின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் மெர்சிடஸ் கார்கள் பறந்தன. தகுதிச் சுற்றில் ஒருமுறை, பந்தய நாள் காலைப் பயிற்சியில் ஒருமுறை என இரண்டு தடவையும் மார்க் வெப்பர் ஓட்டிய கார் தலைகுப்புற விழுந்தது. பந்தயத்தில் பீட்டர் டம்ப்ரெக்கின் கார் அந்தரத்தில் சுழன்று, தடுப்பைத் தாண்டி மரங்களுக்கு நடுவே போய் விழுந்தது. நல்லவேளையாக இருவரும் உயிர் தப்பினார்கள்.

காரணம், அதே தட்டு. முன்னால் இன்னொரு கார் போனதால் மூக்குப் பகுதியை அழுத்தும் காற்று குறைந்தது. ரோட்டின் மேட்டில் ஏறி இறங்கும்போது மூக்கு லேசாக நிமிர்ந்தது. அடியில் புகுந்த காற்று, அகலமான அந்தத் தட்டையே முறம் போல ஏந்தித் தூக்கிவிட்டது. தரையோடு அழுத்திய அதே தட்டு, கோணம் மாறியதும் இறக்கை ஆகிவிட்டது!

2022-ல் ஃபார்முலா 1 மறுபடியும் அடிப்பகுதிக் காற்றை நம்பும் கார்களுக்குத் திரும்பியது. உடனே புதுத் தலைவலி. நேர் பாதையில் கார்கள் குதிக்க ஆரம்பித்தன. வேகம் கூடக் கூடக் கார் தரையை நெருங்கும். மிக நெருங்கினால் காற்றின் ஓட்டம் தடைபட்டு, கார் மேலே எழும்பும். ஓட்டம் சீரானதும் மறுபடி இழுக்கப்படும். அஜர்பைஜான் பந்தயம் முடிந்து காரை விட்டு இறங்கிய ஹாமில்டன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதை உலகமே பார்த்தது. அடுத்த ஆண்டு அடித்தட்டின் ஓரங்களை 15 மில்லிமீட்டர் உயர்த்தச் சொல்லி விதியை மாற்றினார்கள்.

நம்ம ஊர் டிராக்கில்...

ரேஸ் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி இன்ஜினை வைத்தே ரேஸ் கார்களை உருவாக்கியவர். அந்த ஃபார்முலா மாருதி கார்களில் பந்தயத்தைத் தொடங்கிய கோவை நரேன் கார்த்திகேயன்தான், 2005-ல் ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியர். கரிவரதன் பெயரில் கோவையில் ஒரு டிராக் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலும் டிராக் உண்டு. 2025 ஜனவரியில் நடிகர் அஜித்தின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது, ரேஸ் பற்றித் தெரியாதவர்களும் கொண்டாடினார்கள்.

2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, சுமார் 3.5 கிலோமீட்டர் பாதையில் இரவு நேர ஃபார்முலா 4 பந்தயம் நடந்தது. நேப்பியர் பாலம், சிவானந்தா சாலை என எல்லாமே மாநகரப் பேருந்துகள் ஓடும் சாலைகள். இப்படிப்பட்ட இடத்தில் இன்ஜினீயர்களுக்கு ஒரு தர்மசங்கடம். காரைத் தாழ்த்தினால் காற்று நன்றாக அழுத்தும், ஆனால் சின்ன மேட்டிலும் அடித்தட்டு உரசும். உயர்த்தினால் உரசாது, ஆனால் பிடி குறையும். சில மில்லிமீட்டர் வித்தியாசம்தான் தீர்ப்பு எழுதும்.

உங்கள் காருக்கு?

மறுபடியும் தர்மபுரி ஒர்க்‌ஷாப்புக்கு வருவோம். குடும்பக் காரின் அடித்தட்டு ரேஸ் கார் அளவுக்குத் தரையோடு அழுத்தாது. நெடுஞ்சாலை வேகத்தில் அது தருவது கொஞ்சம் மைலேஜ், குறைவான சத்தம், இன்ஜினுக்குச் சேறும் கல்லும் படாத பாதுகாப்பு. அதற்காக அலட்சியம் வேண்டாம்.

* முழுசாக இல்லாததை விட, பாதி தொங்குவதுதான் ஆபத்து. வேகத்தில் காற்று அதைப் பிய்த்தெறியும். டயரில் சிக்கலாம், பின்னால் வரும் பைக்கில் விழலாம்.
* வேகத்தடையில் பலமாக இடித்தால், வண்டியை ஓரமாக நிறுத்தி அடியில் ஒருமுறை பாருங்கள்.
* பெரும்பாலும் உடைவது கிளிப்தான். செலவு குறைவு. கழற்றிப் போடாமல் மாற்றச் சொல்லுங்கள்.
* ஆயில் மாற்றக் கழற்றினால், எல்லா ஸ்க்ரூவும் திரும்ப மாட்டப்பட்டதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.
* எலெக்ட்ரிக் காரில் பேட்டரி இருப்பதே அடியில்தான். அங்கே இடித்தால் சர்வீஸ் சென்டரில் காட்டிவிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். தொப்பூர் கணவாயின் இறக்கத்திலும் இரட்டைப் பாலத்திலும் எந்தத் தட்டும் யாரையும் காப்பாற்றாது. அங்கே காப்பது நியூட்ரலில் விடாமல் கியரில் இறங்குவதும், நிதானமான வேகமும்தான். உலகின் சிறந்த ரேஸ் கார்களையே காற்று தூக்கி எறிந்திருக்கிறது. நாம் ஓட்டுவது டிராக்கில் அல்ல. பின் சீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

அடுத்த முறை "கழட்டிப் போட்டுடட்டுமா?" என்று மெக்கானிக் கேட்டால், "வேண்டாம்ணே, நல்லா டைட்டா மாட்டிக் குடுத்துடுங்க" என்று சொல்லுங்கள்.